வவுனியாவோடு நிற்கும் கதை

பாரிஸ் லாச்சப்பலுக்கு இரண்டு பக்கமும் தண்டவாளம். மேற்கே கார் து நோர் ரயில்கள், கிழக்கே கார் து லெஸ்ற் ரயில்கள். போதாதென்று தலைக்கு மேலே இரண்டாம் இலக்க மெட்ரோ. அங்கே வளர்ந்த பிள்ளைக்கு ரயில் என்றால் சத்தம்தான். நத்தார் விடுமுறை வந்தால் மட்டும் அது பயணமாகும்.

அப்பா கோப்பை கழுவிய உணவகம் நத்தாரோடு சில நாள் பூட்டும். நாங்கள் ஸ்ட்ராஸ்பூரில் இருந்த சித்தி வீட்டுக்குக் கிளம்புவோம். தொண்ணூறுகளின் தொடக்கம். 1985இல் தொடங்கிய மாணிக்கப் பிள்ளையார் கோயிலில் கற்பூரம் கொளுத்திவிட்டு, எங்கட ஆட்களின் கடைகளைக் கடந்து கார் து லெஸ்ற்றுக்கு நடைதான். அம்மாவின் பைக்குள் பாணும் முட்டைப்பொரியலும், பருத்தித்துறை வடையும்.

ஸ்டேஷன் புத்தகக் கடையில் அட்டைகளிலெல்லாம் பனி கொட்டும், அதற்குள் ஒரு ரயில் ஓடும். ரயிலில் படிக்கவென்றே லூயி அஷெத் 1853இல் ஒரு புத்தக வரிசை தொடங்கிய நாடல்லவா! வாங்கித் தரச் சொல்லி நான் அழுவேன்.

"அதைவிட நல்ல கதை என்னட்ட இருக்கு. வா பிள்ளை."

அது அப்பாவின் யாழ்தேவிக் கதை. 1956இலிருந்து கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் ஓடிய ரயில். கதையில் நாளைக்குப் பொங்கல். கோட்டை ஸ்டேஷனில் பெட்டி நிறையச் சனம். ஜன்னலோரம் ஒரு புதுமாப்பிள்ளை, மடியில் அட்டைப்பெட்டி, உள்ளே மனைவிக்கு மாம்பழக் கலர் சேலை. எதிரே ஓர் ஆச்சி, அவரிடமும் அதே அளவில், அதே சணல் கயிறு கட்டிய பெட்டி. அந்தப் பக்கம் சீட்டில் 304 ஆடும் கோஷ்டி ஒன்று சண்டை பிடிக்கும். பொல்காவலையில் கண்டிப் பாதை பிரியும், மாகோவில் மட்டக்களப்புப் பாதை. அனுராதபுரத்தில் அப்பா "வடை, வடை!" என்று கத்த, பக்கத்துச் சீட்டுப் பிரெஞ்சு மனிதர் பத்திரிகையைத் தாழ்த்திப் பார்ப்பார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

கதையின் வேகமும் ரயிலின் வேகமும் ஒன்றுதான். நான்சியில் எங்கள் ரயில் நின்றால் அப்பாவுடையதும் எங்காவது நிற்கும், தண்ணீர் குடிக்க வேண்டுமே. வோஜ் மலைச் சுரங்கங்களைத் தாண்டிச் சவேர்ன் வரும்போது அவருடைய ரயில் வவுனியாவுக்குள் நுழையும். ஆச்சி இறங்குவார், கையில் மாப்பிள்ளையின் பெட்டி! ரயில் நகர்ந்துவிடும்.

"பிறகு?"

"பிறகென்ன, சித்தப்பா வந்து நிக்கிறார். இறங்கு."

அடுத்த வருடம் மீண்டும் கோட்டையிலிருந்துதான் தொடங்குவார். சேலை கிளிப்பச்சையாகியிருக்கும். ஒருமுறை ஆச்சி கோழியோடும் ஏறினார். எனக்கு ஆட்சேபணை இல்லை, பெட்டிக்கு என்ன நடந்தது என்று தெரிந்தால் போதும். ஸ்ட்ராஸ்பூர் கிட்ட இருப்பதால்தான் கதை முடியவில்லை என்று நினைத்தேன். 1990க்குப் பிறகு நிஜ யாழ்தேவியும் வவுனியாவோடு நின்றதும், அதற்கு வடக்கே தண்டவாளங்கள் கழன்று பதுங்குகுழிகளுக்குப் போனதும் எங்கள் வீட்டில் பேசப்படாத விஷயங்கள்.

2007 ஜூனில் ஸ்ட்ராஸ்பூருக்கு ரிஜிவி அதிவேக ரயில் ஓடத் தொடங்கி, நான்கு மணிநேரம் இரண்டே கால் சொச்சமானது. அந்த வேகத்துக்கு அப்பா மாகோவைத் தாண்டுவதே கஷ்டம். அதற்குள் நானும் கதை கேட்கிற வயதைக் கடந்திருந்தேன்.

2014 ஒக்ரோபர் 13, யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் ரயில். தொலைக்காட்சியில் மாலை போட்ட எஞ்சினைக் காட்டினார்கள். அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இனியாவது முடிக்கலாமே என்று கேட்டேன்.

"அந்தப் பெட்டி என்னப்பா ஆச்சு?"

"என்னத்தச் சொல்ல. வீட்டை போய்த் திறந்தால், உள்ளுக்க குழந்தைச் சட்டையள். கொம்மா ஒரு கிழமை என்னோட கதைக்கேல்லை."

குசினிக்குள் இருந்து குரல் வந்தது: "பத்து நாள்!"