வெள்ளை அட்டையில் இருந்த கணக்கு

போன இதழ் கேள்வி-பதில் பகுதியில் ஒருவர், “எங்கள் வீட்டுக்கு எத்தனை சோலார் பேனல் வேண்டும்?” என்று கேட்டிருந்தார். படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. 2025 தொடக்கத்தில் நானும் இதே கேள்வியோடுதான் அலைந்தேன். அதில் பட்டதை எழுதினால் அவருக்கு உதவும்.

எங்கள் ஊர் புன்னக்காயல், தாமிரபரணி கடலில் சேருமிடம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஆற்றுத் தண்ணீர் ஊரைச் சூழ்ந்துகொண்டது, கரண்ட் போய்விட்டது. ஃப்ரீசரில் இருந்த மீன் முழுவதும் கெட்டது. போன் சார்ஜ் இல்லாததால் தூத்துக்குடியில் இருக்கும் மகளுக்கு ‘உயிரோடு இருக்கிறோம்’ என்று சொல்லக்கூட வழியில்லை. அன்றைக்கே சோலார் போட்டுவிட வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது.

ஒரு கம்பெனி ஆள் வந்தார். மொட்டைமாடியை டேப் வைத்து அளந்தார். “அண்ணாச்சி, தாராளமா பத்து பேனல் வைக்கலாம், 5 கிலோவாட். மிச்சத்தை மின்வாரியத்துக்கு வித்துருங்க” என்றார். நானும் நகையை வங்கியில் வைத்துவிடலாம் என்று இருந்தேன். என் மனைவிதான் கேட்டாள்: “மாடியை அளந்தாரே, நாம எத்தனை யூனிட் ஓட்டுறோம்னு கேட்டாரா?”

அவர் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

மின்வாரிய வெள்ளை அட்டையை எடுத்து, 2024-ன் ஆறு பில்லையும் வரிசையாக எழுதினோம்: 380, 520, 560, 490, 430, 350. மொத்தம் 2,730 யூனிட். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் வருஷத்துக்கு 600-ஐக் கழித்தால் 2,130. இதை 365-ஆல் வகுத்தால் நாளுக்கு ஆறு யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. நம் பக்கத்து வெயிலில் ஒரு கிலோவாட் பேனல், மேகம் மூடும் ஐப்பசி கார்த்திகையையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், நாளுக்கு நாலு யூனிட் தரும். ஆறை நாலால் வகுத்தால் ஒன்றரை கிலோவாட். பேனல் ஒன்று 540 வாட் என்றால் மூன்று போதும்.

பத்து எங்கே, மூன்று எங்கே!

மானியமும் இதைத்தான் சொன்னது. பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட் வரைக்கும் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. அதற்கு மேல் 5 போட்டாலும் 10 போட்டாலும் 78,000-தான். உப்புக்காற்றில் உற்பத்தி கொஞ்சம் குறையும், நாளைக்கு ஒரு மோட்டார் வந்தாலும் வரும் என்று நாலு பேனலாக, 2 கிலோவாட்டில் நிறுத்திக்கொண்டோம். நகை பெட்டியிலேயே இருக்கிறது. கடை வைத்திருப்பவர்கள் இலவச 100 யூனிட்டைக் கழிக்காமல் வகுத்துப் பார்க்கவும். இந்த மானியமும் வீடுகளுக்கு மட்டுமே.

ஒரு விஷயத்தில் நான் நன்றாக ஏமாந்திருப்பேன். மின்வாரிய லைனோடு சேர்த்துப் போடும் சாதாரண சோலார், லைனில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை பார்க்கிறவர் மேல் கரண்ட் பாயக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நான் எந்த வெள்ளத்துக்குப் பயந்து சோலார் கேட்டேனோ, அந்த வெள்ளத்தில் பத்து பேனலும் சும்மா கிடந்திருக்கும்! இதையும் அந்த ஆள் சொல்லவில்லை. தெரிந்த எலக்ட்ரீஷியன் தம்பி ஒருவர்தான் சொன்னார்.

அதனால் பேட்டரிக்குத் தனிக் கணக்குப் போட்டோம். வெள்ள நேரத்தில் என்ன வேண்டும்? 10 வாட் எல்.இ.டி. இரண்டு, ஆறு மணி நேரம், 30 வாட் ஃபேன் ஒன்று, எட்டு மணி நேரம், மூன்று போன். எல்லாம் சேர்த்து அரை யூனிட்டைத் தொடாது. 150 ஏ.ஹெச். பேட்டரி ஒன்றில் 1.8 யூனிட் நிற்கும். பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் கெடும் என்பதால் 0.9 என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு ராத்திரி தாங்கும். அதற்கென்று ஒரு சின்னப் பேனல் தனியாக இருக்கிறது. மழை மூட்டத்தில் அதிகம் தராது, போனுக்காவது ஆகும்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் நிழல் விழுந்தால் போச்சு. எங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் சாயங்காலம் ஒரு பேனலின் ஓரத்தில் விழுந்தது. அந்த ஓரத்துக்காக மொத்த உற்பத்தியும் இறங்கியது. தொட்டியை வடக்கே நகர்த்தியபின்தான் சரியானது. கடலோரத்தில் ஸ்டாண்டு துருப்பிடிக்கும். நட்டு போல்ட்டு எல்லாம் துருப்பிடிக்காத எஃகில் கேளுங்கள். பேனலை உவர்த் தண்ணீரில் கழுவாதீர்கள். காய்ந்ததும் வெள்ளைப் படலம் நிற்கும். நாங்கள் குடிதண்ணீரில் ஒரு வாளி ஒதுக்கி, விடியற்காலையில் துடைக்கிறோம்.

உப்பளம் வைத்திருக்கும் என் மைத்துனருக்கு இப்போது இந்த யோசனை வந்திருக்கிறது. பம்புக்குக் கணக்கு வேறு. யூனிட் பார்ப்பதில்லை, குதிரைத்திறன் பார்க்க வேண்டும். 5 ஹெச்.பி. சோலார் பம்புக்குச் சுமார் 4,800 வாட், அதாவது 540 வாட்டில் ஒன்பது பேனல். குஜராத்தில் கட்ச் சிறிய ரண்ணின் உப்புத் தொழிலாளர்கள் டீசல் எஞ்சினை விட்டு சோலாருக்கு மாறியிருக்கிறார்கள். உப்பளத்துக்கு இது பொருந்தி வரும்: வெயில் அடிக்கும்போதுதான் உவர்நீர் இறைக்க வேண்டும், மழைக்காலத்தில் பம்புக்கும் வேலையில்லை. ஆனால் அந்த மாதங்களில் பேனலைக் கழற்றி வைப்பதா, அங்கேயே விடுவதா என்பதில்தான் அவருக்கும் அவர் மகனுக்கும் தகராறு.

ஃப்ரீசரை மட்டும் நாங்கள் பேட்டரியில் ஏற்றவில்லை. அது ஒன்றே நாளுக்கு ஒன்றரை யூனிட் இழுக்கும். அதற்காகப் பேட்டரி வாங்கினால் மீன் விலையைத் தாண்டிவிடும். மழை எச்சரிக்கை வந்தால் மனைவி முந்தின நாளே மீனைக் கீறி, பானையில் உப்புப் போட்டு அடுக்கிவிடுகிறாள்.