அட்டைப் பெட்டிக்குள் ஒரு சிறுமி

சினிமா பார்த்து அழுகிறவனைக் கிண்டல் பண்ணுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். அப்படிப்பட்ட நான் போன மாதம் நம்ம லேபில் எல்லார் முன்னாலும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன்.

காரணம் ஒரு அட்டைப் பெட்டி. உள்ளே இரண்டு லென்ஸ், முன்னால் செல்போன். ஓடிய படம், 2015-ல் ஐ.நா. சபைக்காக வந்த 'கிளவுட்ஸ் ஓவர் சித்ரா'. ஜோர்டானில் சாத்தாரி அகதி முகாமில் இருக்கும் 12 வயது சிரியச் சிறுமி தன் நாட்களைக் காட்டுகிறாள்.

தியேட்டரில் டைரக்டர் காட்டுவதைத்தான் பார்ப்போம். இதில் போனுக்குள் இருக்கும் ஜைராஸ்கோப் நம் தலை திரும்புவதை அளக்கிறது. படமும் கூடவே திரும்புகிறது. வகுப்பறைக் காட்சியில் நான் பின்பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன் (பழக்கதோஷம்!). அங்கேயும் பிள்ளைகள். என்னையே பார்ப்பது போல இருந்தது. நான் அங்கே இருக்கிறேன், ஆனால் ஒரு வார்த்தை பேச முடியாது. அதுதான் தொண்டையை அடைத்தது.

2020-ல் தென் கொரியாவின் எம்.பி.சி. தொலைக்காட்சி இன்னும் ஒரு படி மேலே போனது. இறந்துபோன மகளைக் கணினியில் உருவாக்கித் தாய்க்குக் காட்டினார்கள். அந்தத் தாய் கையை நீட்டித் தடவினார். இது ஆறுதலா, கொடுமையா என்று ஹாஸ்டலில் ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை. நான் கொடுமைக் கட்சி.

சனிக்கிழமை பெட்டியை ஊருக்குக் கொண்டுபோனேன். எங்க அம்மா சித்தாள் வேலை பார்க்கிறவர். கண்ணில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பிள்ளைகள் கூட்டமாகச் சுற்றி வந்தபோது, இடித்துவிடுவோமோ என்று அம்மா காலை மடக்கிக்கொண்டார். அழவில்லை. முடிந்ததும் கேட்டார்: "அந்தப் புள்ள பள்ளிக்கூடம் போவுதுல்ல?"

"போவுதும்மா."

"அப்ப சரி. அது வயசுல நான் செங்கச் சூளையில கெடந்தேன். இதே மாரிதான், தார்ப்பாயக் கட்டி."

அம்மா மூன்றாவதோடு நின்றவர் என்று தெரியும். அட்மிஷன் பாரத்தில் நானே எழுதியிருக்கிறேன். தார்ப்பாய் தெரியாது. ஜோர்டானில் இருப்பவளுக்காக அழுத எனக்கு, 18 வருஷத்தில் ஒரு நாள்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

"மழ வந்தா எங்கம்மா படுப்பீங்க?" என்றேன்.

அம்மா பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். பக்கத்து வீட்டில் விளக்கு அணைந்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.