குன்றின்மேல் ஓர் அறை

பாரிஸ் நகரின் மொன்மார்த்ர் குன்றைப் பற்றிக் கேள்விப்படாத கலைப்பீட மாணவர் எம்மிடையே அரியர். வாடகை மலிவு என்பதாலேயே வறிய கலைஞர் பலர் அக்குன்றில் குடியேறினர். ஸ்பானியரான பிக்காசோ 1904 முதல் 1909 வரை அங்கே சிதைந்த மரக்கட்டடமொன்றில் வாழ்ந்து நவீன ஓவியத்தின் போக்கையே மாற்றினார். இவையெல்லாம் பலரும் விரும்பிப் பேசும் செய்திகள். அதே பிக்காசோ 1901 ஆம் ஆண்டு முதல் பிரெஞ்சுப் பொலிஸாரின் கோவையொன்றிலே ஐயத்துக்குரிய அந்நியராகப் பதியப்பட்டிருந்தார் என்பதும், 1940 இல் அவர் விடுத்த குடியுரிமை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. குன்றின்மீது அந்நியனாய் வாழும் சுதந்திரத்தைப் புகழ்வோர் அந்தக் கோவையையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். புதுக்கடையில் மூன்றாவது ஆண்டாக வாடகை அறையொன்றில் வாழ்பவன் என்ற முறையில் இதனைச் சொல்கிறேன்.

புதுக்கடையும் ஒரு குன்றுதான். வாகன நெரிசலிடையே அதனை எவரும் உணர்வதில்லை; மாலையில் புத்தகப் பையுடன் நடந்து ஏறுபவனின் முழங்கால்கள் உணரும். போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்ற வந்த ஒல்லாந்தப் படைக்குத் தலைமை தாங்கிய ஜெராட் ஹல்ப்ட், முற்றுகையின்போது 1656 ஏப்ரலில் கொல்லப்பட்டார். மே மாதத்தில் நகரம் வீழ்ந்தது. அவர் பெயரால் அமைந்ததே ஹல்ஸ்டோர்ப் என்னும் பெயர். இத்தீவில் ஓராண்டுகூட வாழாத ஒருவரின் பெயரை இக்குன்று மூன்றரை நூற்றாண்டுகளுக்கு மேலாகச் சுமந்து நிற்கிறது. தமிழரும் சிங்களவரும் அவரைப் பொருட்படுத்தவில்லை போலும். நாம் புதுக்கடை என்றோம். அவர்கள் அதே பொருளில் அலுத்கடை என்றார்கள். இருமொழியாளரும் ஒத்துப்போன சிலவற்றுள் இதுவும் ஒன்று.

இங்கு ஓவியர் கூட்டம் இல்லை. பகலில் கறுப்பு அங்கியணிந்த சட்டத்தரணிகள், நொத்தாரிசுகள், வீதியோரத்திலே சத்தியக் கடதாசிகளைத் தட்டச்சுச் செய்து கொடுப்போர், வழக்குத் தவணைக்காகத் தூர ஊர்களிலிருந்து வந்து மதிலோரம் காத்திருப்போர் எனக் குன்று நிறைந்து வழியும். மாலையில் நீதிமன்றங்கள் அடங்கியதும் இன்னொரு புதுக்கடை விழித்துக்கொள்ளும். கொத்து ரொட்டியின் தகட்டோசையும் இறைச்சி சுடும் புகையும் நள்ளிரவு தாண்டியும் ஓய்வதில்லை. சோனகர், மலாயர், சிங்களவர், தமிழர் என எல்லாரும் ஒரே வாங்கிலமர்ந்து உண்பர். எவர் எந்த ஊர் என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. இத்தகைய சூழலையே பாரிஸ்காரர் காவியமாக்கினர் என்று எண்ணிக்கொள்வேன்.

உணவுக்கடையில் எழாத அக்கேள்வி, வாடகை அறை தேடுபவனிடம் முதலாவதாகவே எழும். வடமராட்சி என்று நான் சொன்னதும், நேற்றுவரை வெறுமையாய் இருந்த அறையொன்றுக்குத் திடீரென வேறொருவர் முற்பணம் கொடுத்திருந்தார். இப்போதைய வீட்டுக்கார உம்மாவும் ஊரைக் கேட்டார். கேட்டுவிட்டு, “அப்ப இவ்வளவு தூரம் பஸ்ஸில வந்தீங்களா மகன்? முதல்ல தேத்தண்ணி குடிங்க” என்றார். அதே கேள்விதான்; ஆயினும் அவர் கேட்டது வேறு.

எனது மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் உயர் நீதிமன்றம் அமைந்த கட்டடத் தொகுதியின் கூரை தெரியும். 2007 ஜூன் 7 ஆந் திகதி அதிகாலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர், கொழும்பில் இருப்பதற்குத் தக்க காரணம் இல்லாதோர் எனக் கூறப்பட்டுப் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவை ஏற்று, மறுநாளே உயர் நீதிமன்றம் அவ்வெளியேற்றத்தைத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. சில நாட்களில் அன்றைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். அந்த உத்தரவு பிறந்தது இந்தக் குன்றிலே என்பதை இங்கு கொத்து ரொட்டி உண்ண வரும் எத்தனை பேர் அறிவர்?

ஒரு மனிதன் ஒரு நகரில் இருப்பதற்குத் ‘தக்க காரணம்’ என்பது யாது? கடவுச்சீட்டுக்காகவோ, மருத்துவத்துக்காகவோ, வேலை தேடியோ, சும்மா கடலைப் பார்த்துக்கொண்டிருக்கவோ ஒருவர் வந்திருக்கலாம். மொன்மார்த்ரில் இளம் பிக்காசோவிடம் இக்கேள்வியைக் கேட்டிருந்தால், படம் வரைய வந்தேன் என்பதைத் தவிர வேறென்ன சொல்லியிருப்பார்? அன்று அது தக்க காரணமாக ஏற்கப்பட்டிருக்குமா? காரணம் கேளாது இருக்கவிடுவதே நகரம் என நான் கருதுகிறேன். புதுக்கடை இரவில் அவ்வாறு இருக்கிறது. பகலில் சில வேளைகளில்.

எனது மாமா ஒருவர் 2007 இல் அந்த விடுதிகளுள் ஒன்றிலே தங்கியிருந்தவர். இன்றும் அலுவல் எதற்கேனும் கொழும்புக்கு வந்தால் அவர் தங்குவதில்லை. இரவுப் பேருந்தில் வந்து மறுநாள் இரவுப் பேருந்திலேயே திரும்பிவிடுவார். சென்ற ஆண்டு மிகவும் வற்புறுத்தி என் அறைக்கு அழைத்துவந்தேன். உம்மா அனுப்பிய வட்டிலப்பத்தை ருசித்து உண்டார். மாடியில் நின்று துறைமுகப் பக்கத்து வெளிச்சங்களை நெடுநேரம் பார்த்தார். பாயில் படுத்து நன்றாகவே உறங்கினார். கொண்டுவந்த பையை மட்டும் அவர் திறக்கவேயில்லை. அது விடியும்வரை கதவோரத்திலேயே இருந்தது.