எட்ட நின்று பார்ப்பது

புடைவைக் கடைகளில் ஆடித் தள்ளுபடிப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கடைக்காரர் 30 என்று எழுதினால், எதிர்க் கடைக்காரர் 40 என்று எழுதுவார். மூன்றாமவர் 60 என்று கொட்டை எழுத்தில் போட்டு, 'வரை' என்ற சொல்லை எறும்பு எழுத்தில் பக்கத்தில் ஒட்டிவிடுவார். காமிராக் கம்பெனிகளும் இந்த வித்தையைக் கற்றவைதாம். சட்டைப் பையில் கொஞ்சம் சிரமப்பட்டு அடங்கிவிடும் சின்னக் காமிரா. அதற்குள்ளே நீண்ட ஜூம் லென்ஸ். பெட்டியின் மேல் '30 மடங்கு', '40 மடங்கு' என்று ஓர் எண். பிரயாணம் போகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று கேட்கிறது விளம்பரம்.

வேறு சிலவும் வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

என் தமக்கையின் பிள்ளை சிங்கப்பூரில் உத்தியோகம் பார்க்கிறான். மார்கழி லீவில் ஓசூருக்கு வந்தவன், பானஸோனிக் கம்பெனி 2025-ல் வெளியிட்ட டி.இஸட். 99 என்ற காமிராவைக் கொண்டு வந்திருந்தான்.

"பத்து நாள் வெச்சுக்கோங்க, மாமா. ஊருக்குப் போகிறப்போ வாங்கிக்கிறேன். நல்லதா இல்லையான்னு நீங்கதான் சொல்லணும்" என்றான்.

காமிரா விஷயத்தில் எனக்குப் பட்டம் ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு மேல் இரண்டு வருஷம் காலேஜ் படி ஏறி இறங்கியவன், அவ்வளவுதான். ஆனால், கதை எழுதுகிறவனுக்குப் பார்ப்பதுதானே தொழில்? பார்க்கும் கருவியைப் பற்றிப் பேச அந்த யோக்கியதை போதும்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிட வேண்டும். செல்போனிலேயே காமிரா இருக்கும்போது இது எதற்கு? இந்தச் சந்தேகம் உலகம் முழுவதற்கும் வந்ததால்தான் பைக் காமிரா வியாபாரம் படுத்துவிட்டது. ஜப்பானியக் காமிராத் தயாரிப்பாளர் சங்கத்தின் கணக்குப்படி, 2010-ல் சந்தைக்குப் போன டிஜிடல் காமிராக்கள் 12 கோடிக்கு மேல். 2023-ல் 80 லட்சம்கூட இல்லை. அந்த வியாபாரத்தை விழுங்கிய செல்போனுக்கு எங்கள் ஊரும் தன்னாலான கைங்கரியத்தைச் செய்கிறது. ஓசூருக்கு அருகே டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனின் பாகங்கள் தயாராகின்றன. ஆகவே, பைக் காமிராவை எடைபோட இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

செல்போனுக்கு ஒரு குறை உண்டு. தூரத்தை இழுக்கும் லென்ஸ் நீள்வதற்கு இடம் வேண்டும், செல்போனோ தட்டை. ஒளியை உள்ளுக்குள் மடக்கி, ஐந்து மடங்கு, மிஞ்சிப் போனால் பத்து மடங்கு வரை லென்ஸைக் கொண்டு சமாளிக்கிறார்கள். அதற்கு மேல் எடுத்த படத்தையே இழுத்துப் பெரிதாக்குவதுதான். இழுத்த இடத்தில் விழுகிற ஓட்டைகளைச் செல்போன் தன் ஊகத்தால் அடைக்கிறது. 2023-ல் ஒரு பிரபல செல்போன் எடுத்த சந்திரன் படங்களைப் பற்றிப் பெரிய சர்ச்சை கிளம்பியது. வேண்டுமென்றே மங்கலாக்கிய சந்திரன் படத்தை அதன் முன் வைத்தபோதும், அந்தப் படத்தில் இல்லாத பள்ளங்களையும் மேடுகளையும் அது தானாகவே தீட்டிக் கொடுத்தது. கதாசிரியன் இட்டுக்கட்டலாம், காமிரா இட்டுக்கட்டலாமா?

நிற்க. '30 மடங்கு' என்றால் என்ன? தூரத்துப் பொருள் 30 மடங்கு கிட்டே வந்துவிடும் என்றுதான் வாங்குகிறவர் நினைத்துக்கொள்வார். அப்படி அல்ல. பிலிம் காமிராவின் கணக்கில் சொன்னால், இந்த லென்ஸின் குட்டை முனை 24 மில்லிமீட்டர். நெட்டை முனை 720 மில்லிமீட்டர். 720-ஐ 24-ஆல் வகுத்தால் 30. அந்த எண்ணுக்கு அவ்வளவுதான் பொருள். குட்டை முனையில் காட்சி அகலமாக விழும். ஆனால், எல்லாம் சிறுத்துத் தெரியும். நம் கண்ணுக்கு இயல்பாகத் தோன்றுவது 50 மில்லிமீட்டரை ஒட்டிய காட்சி என்பது போட்டோக்காரர்களின் வழக்கு. 720-ஐ 50-ஆல் வகுத்துப் பாருங்கள். 14 சொச்சம் வரும். அதாவது, 300 மீட்டரில் நிற்கும் யானை சுமார் 20 மீட்டரில் நிற்பதுபோல் தெரியும். விளம்பரம் சொல்வதில் பாதிதான். ஆனாலும் 300 கிராமைச் சற்றே தாண்டிய ஒரு டப்பாவுக்கு அது பெரிய சாமர்த்தியம். 2006-ல் இந்த வரிசையின் முதல் காமிரா வந்தபோது பத்து மடங்கே அதிசயமாக இருந்தது.

முதல் பரீட்சைக்குச் சந்திர சூடேஸ்வரர் மலைக்குப் போனேன். கோயில் வாசலில் நின்றால் ஓசூர் முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும். ஒரு பக்கம் சிப்காட் ஆலைக் கொட்டகைகள். ஒரு பக்கம் கர்நாடக எல்லையை நோக்கி ஊர்ந்து போகும் லாரிகள். காலை ஏழு மணிக்கு லென்ஸை முழுவதும் நீட்டியபோது, லாரியின் பின்னால் கட்டியிருந்த தார்ப்பாயின் மடிப்புக்கூடத் தெரிந்தது. நடுப்பகலில் அதே இடத்தைப் பார்த்தால் லாரிகள் தண்ணீருக்கடியில் நெளிவதுபோல் இருந்தன. இது காமிராவின் குற்றம் அல்ல. இடையே கிடக்கும் சூடேறிய காற்றின் குற்றம். நாற்பது மடங்கு காமிரா வாங்கினாலும் வெயிலில் அது கானலைத்தான் நாற்பது மடங்கு ஆக்கிக் காட்டும்.

இன்னொரு குறையும் அங்கேதான் வெளிப்பட்டது. இதற்கு முந்திய மாதிரியில் கண்ணை வைத்துப் பார்க்க ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. இதில் அதை எடுத்துவிட்டார்கள். வெயிலில் பின்பக்கத் திரை மங்கிப் போகிறது. பாதி ஊகத்தில்தான் படம் எடுக்க வேண்டும். தவிர, கண்ணோடு ஒட்டிப் பிடித்தால் முகமே காமிராவுக்கு ஒரு தாங்கல். கையை நீட்டிப் பிடித்தாலோ ஆடும். கை நடுக்கத்தைச் சமாளிக்க உள்ளே ஏற்பாடு உண்டு என்பது வாஸ்தவம். இருந்தாலும் சுவரிலோ தூணிலோ சாய்ந்துகொண்டு, முழங்கைகளை விலாவில் ஒட்டி வைத்துக்கொள்வதே நல்லது. முதலிலேயே முழுவதும் நீட்டிவிட்டுப் பொருளைத் தேடாதீர்கள். நெட்டை முனையில் 300 மீட்டருக்கு அப்பால் சுமார் 15 மீட்டர் அகலந்தான் திரையில் விழும், யானையையே தொலைத்துவிடலாம். குட்டை முனையில் பிடித்து, மெள்ள நீட்ட வேண்டும்.

யானை, யானை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேனே, அது காரணத்தோடுதான். பன்னர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வழியாக யானைக் கூட்டங்கள் ஒவ்வொரு வருஷமும் இந்தப் பக்கம் இறங்குகின்றன. ராகி முற்றும் காலம் அவற்றுக்குத் தெரியும். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையை ஒட்டிய சானமாவு காட்டில் வந்து தங்கி, இரவில் கொல்லைகளில் மேயும். அந்த நாட்களில் வனத்துறையார் சுற்றுப்பட்ட கிராமங்களுக்கு எச்சரிக்கை விடுப்பார்கள். ஊர்க்காரர்கள் டார்ச்சும் பட்டாசுமாக ராத்திரி கண் விழிப்பார்கள். பயிர் போவதோடு சில வருஷங்களில் உயிரும் போவதுண்டு. மனிதன் பக்கத்திலும் உண்டு, யானை பக்கத்திலும் உண்டு.

ஒரு நாள் காலை அந்தச் சாலை ஓரத்தில் சிறு கும்பல். கொல்லைகளுக்கு அப்பால், காட்டு விளிம்பில் ஐந்து யானைகள். இறங்கிப் போகக் கூடாது என்று வனக் காவலர் ஒருவர் தடியை நீட்டி மறித்துக்கொண்டிருந்தார். மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு வாலிபர்களுக்கு அது பொறுக்கவில்லை. அவர்கள் கையில் செல்போன். செல்போனில் யானை எறும்பாகத் தெரிந்தது. எறும்பை யானையாக்க அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி, கிட்டே போவது. காவலர் ஓர் அதட்டல் போட்டு நிறுத்தினார்.

நான் ஒரு மைல் கல்லில் முழங்கையை ஊன்றி லென்ஸை நீட்டினேன். தாயின் கால்களுக்கு நடுவே ஒரு குட்டி நின்றது. வெறுங்கண்ணுக்கு அது தெரியவே இல்லை. காவலரிடம் காட்டினேன். அவர் முகம் மாறியது. குட்டி இருந்தால் கூட்டத்தின் கோபம் வேறு மாதிரி இருக்குமாம். சாலையில் நின்றவர்களை இன்னும் பின்னால் தள்ளினார்.

பக்கத்தில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு குடியானவர் நின்றார். அவருக்கும் படத்தைக் காட்டினேன்.

"யானையை நான் எத்தனையோ பாத்துட்டேன், சார். அதுங்களுக்குப் பின்னால காட்டுங்க. புளியமரத்துக்கு இந்தாண்ட ராகி நிக்குதா?"

லென்ஸைத் திருப்பினேன். புளியமரம் வந்தது. மரத்துக்கு மேற்கே கொல்லை பாய் விரித்ததுபோல் படுத்துக் கிடந்தது. கிழக்கே ஒரு துண்டு மட்டும் கதிரோடு நின்றது. அவர் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு கால் பங்கு மிஞ்சும்" என்றார். பிறகு, "இதை எனக்கு ஒரு காப்பி போட்டுத் தரீங்களா? மனுவோட வெக்கணும்" என்றார்.

அந்த நிமிஷத்தில் இந்தக் காமிராவின் மதிப்பு எனக்கு விளங்கியது. தூரத்தில் இருப்பதை நம்மிடம் கொண்டுவருவது அதன் பெருமை என்று விளம்பரம் சொல்கிறது. நாம் தூரத்திலேயே நிற்பதற்கு அது இடம் கொடுக்கிறதே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தன் கொல்லை என்ன ஆயிற்று என்று பார்க்க ஒரு மனிதர் யானைக் கூட்டத்தின் நடுவே போகவேண்டிய அவசியம் அன்று இல்லாமற் போயிற்று.

ஆனால், அன்று வெயில் நன்றாக ஏறியிருந்தது. அதே யானைகளை மாலை ஆறரை மணிக்கு எடுத்த படங்கள் எதற்கும் உதவவில்லை. காரணம் உண்டு. பிலிம் இருந்த இடத்தில் இப்போது ஒளியை வாங்கும் சில்லு ஒன்று இருக்கிறது. இந்த வகைக் காமிராவில் அது துவரம் பருப்பைவிடக் கொஞ்சந்தான் பெரிது. பழைய பிலிம் கட்டத்தின் பரப்பில் சுமார் 30-ல் ஒரு பங்கு. போதாக்குறைக்கு, லென்ஸ் நீள நீள அதன் வழியே வரும் வெளிச்சமும் குறைகிறது. நெட்டை முனையில் கிட்டத்தட்ட கால்வாசிதான் மிஞ்சும். அந்தி வேளையில் யானை, மரம், இருட்டு எல்லாம் கூழாகக் கரைந்துவிடும். யானையோ அந்திக்குப் பிறகுதான் கொல்லையில் இறங்குகிறது! பெரிய சில்லும் நீண்ட ஜூமும் வேண்டுமானால் காமிராவும் பெரிதாகும். பிறகு அது பையில் அடங்காது. இதில் தந்திரம் ஒன்றும் பலிக்காது.

கெலவரப்பள்ளி அணைக்குப் போனபோது வேறொரு பாடம். தென்பெண்ணை நந்திமலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் புறநகர்களை ஒட்டி வருகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் நீரும் அதில்தான் சேருகிறது. நகரத்தின் சோப்பும் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்த தண்ணீர் மதகில் விழும்போது நுரைத்துப் பொங்குகிறது. நெட்டை முனையில் பார்த்தால் அந்த நுரை இமயமலைப் பனியைப்போல் இருக்கிறது. சினிமாவில் டூயட் எடுக்கலாம். குட்டை முனைக்கு வந்தால்தான் அணையும், கால்வாயும், அந்தத் தண்ணீரை நம்பி நிற்கும் வயலும் ஒரே படத்தில் விழுகின்றன. நுரை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே அது எவ்வளவு மோசம் என்று தெரியும்? 720-ஐக் காட்டி விற்கிறார்கள். 24-ம் அதே லென்ஸில் இருக்கிறது என்பதை வாங்குகிறவர் மறக்கக் கூடாது.

திரும்பும் வழியில் ஷிப்ட் முடிந்து ஆலைப் பஸ்கள் வந்து நின்றன. சாரி சாரியாகப் பெண்கள் இறங்கினார்கள். தருமபுரிப் பெண்களும் உண்டு. ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களும் உண்டு. கழுத்தில் அடையாள அட்டை, கண்ணில் தூக்கம்.

"இங்கேருந்தே எடுங்க, மாமா. அவங்களுக்குத் தெரியாது. ரொம்ப இயற்கையா வரும்" என்றான் மருமான்.

உண்மைதான். இயற்கையாக வரும். சாலைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே ஒரு பெண்ணின் கொட்டாவியைக்கூட எடுத்துவிடலாம். ஆனால், யானையிடமிருந்து விலகி நிற்பது யானைக்குக் கொடுக்கும் மரியாதை. மனுஷியிடமிருந்து ஒளிந்து நின்று அவள் முகத்தை எடுத்துக்கொள்வது மரியாதை ஆகுமா? யானைக்கு நம் படத்தைப் பற்றி அக்கறை இல்லை. இவளுக்கு உண்டு. நான் லென்ஸை உள்ளே இழுத்துவிட்டு, சாலையைக் கடந்து போய்க் கேட்டேன்.

மூன்று பெண்கள் மாட்டோம் என்று போய்விட்டார்கள். நாலாவது பெண் நின்றாள். "இருங்க, அண்ணா" என்று அரைகுறைத் தமிழில் சொல்லி, அடையாள அட்டையைச் சட்டைக்குள் தள்ளினாள், தலைமயிரை ஒதுக்கிக்கொண்டாள், நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் படத்துக்கு 50 மில்லிமீட்டரே தாராளமாகப் போதும். ஊரில் இருக்கும் தன் அம்மாவுக்கு அனுப்ப வேண்டும் என்று அப்போதே செல்போனில் வாங்கிக்கொண்டாள்.

மருமானுக்கு என் தீர்ப்பைச் சொல்லிவிட்டேன். பகலில் சுற்றுகிறவர்கள், பறவையும் மிருகமும் கோபுரச் சிற்பமும் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், கனத்த பெட்டியைத் தோளில் சுமக்க முடியாதவர்கள், இவர்களுக்கு இது நல்ல காமிரா. அமெரிக்காவில் சுமார் 500 டாலருக்கு வந்தது. இந்தப் பணத்துக்கு இவ்வளவு தூரம் காட்டும் செல்போன் கிடையாது. கண் ஜன்னல் உள்ள பழைய மாதிரி நல்ல நிலைமையில் கிடைத்தால் நான் அதைத்தான் வாங்குவேன். கல்யாண வீடு, ராத்திரித் திருவிழா, குழந்தைகள் ஓடும் மங்கிய கூடம் என்றால் வீண் செலவு; செல்போனே மேல். பெட்டியின் மேலுள்ள எண்ணைப் பார்த்து வாங்குகிறவர்கள், வாங்குமுன் பாதியாக வகுத்துக்கொள்ளட்டும்.

குடியானவருக்கு இரண்டு பிரதி போட்டுக் கொடுத்தேன். ஒன்றை மனுவோடு வைத்தார். இன்னொன்றை அடுத்த வருஷத்துக்கு என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எந்த மூலையில் யானை முதலில் இறங்கியது என்று அதில் தெரிகிறதாம். பரணை இனி அந்தப் பக்கம் போடப் போகிறார்.