கூலியை எழுதிவிட்டு வரையுங்கள்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நம்மிடம் ஓதிய பிள்ளைகள் சிலர், சிறுவர்களுக்கான மாயக்கதைத் தொடர் ஒன்றை அனிமேஷனில் எடுக்க முனைந்துள்ளனர். அலுவலகம் கிடையாது, வெளியூர்க் கலைஞர்களும் அவரவர் வீட்டிலிருந்தே வரைவார்கள். பணமும் சொற்பம். இது நடக்குமா என்று பெற்றோர் நம்மைக் கேட்கின்றனர். (உருவம் வரைதல் குறித்த உலமாக்களின் கருத்து வேறுபாடு தனியே பேசவேண்டியது.)

நடக்கும். 2025இல் ஆஸ்கர் பெற்ற 'ஃப்ளோ' எனும் லாட்வியப் படம், பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் உருவானது. லாட்வியா, பிரான்சு, பெல்ஜியம் என மூன்று நாட்டவர் சேர்ந்து செய்தனர். ஆயினும் சுமார் 35 லட்சம் யூரோ செலவாயிற்று. மென்பொருள்தான் இலவசம், மனித உழைப்பு அன்று.

நம் கவலையும் அதுவே. "தொடர் ஓடினால் பார்த்துத் தருகிறோம்" என்று சொல்லி ஒருவரை ஆறு மாதம் வரையவைப்பது முறையன்று. கூலி இன்னதென்று தெரியாத வேலை ஒப்பந்தத்தை ஃபிக்ஹு நூல்கள் ஏற்பதில்லை. இலாபத்தில் பங்கென்றால் விழுக்காடு முன்பே முடிவாகவேண்டும். தவணைக் கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் அல்பகரா 282ஆம் வசனமே குர்ஆனில் மிக நீளமானது. பிள்ளைகளோ, "நமக்குள் எழுத்து எதற்கு, ஹஜ்ரத்?" என்கின்றனர். முகம் பாராத கலைஞருக்கு அந்தத் தாளைவிட்டால் வேறு சாட்சி ஏது?

முதலில் ஒரு நிமிடக் காட்சியை முடித்து, கூலியைக் கொடுத்துவிட்டு அடுத்ததற்குச் செல்லுமாறு கூறியுள்ளோம். திண்டிவனத்துப் பிள்ளை ஒருவர் இவ்வாரம் ஒப்பந்தத் தாளுடன் வந்தார். எத்தனை முறை திருத்தித் தரவேண்டும் என்ற இடம் மட்டும் இன்னும் காலியாக உள்ளது.