இரண்டாமவர்

சென்ற ஆண்டு எங்கள் விடுதியில் நடைபெற்ற தமிழ்க் கட்டுரைப் போட்டியில் யான் ஒரே மதிப்பெண் வேறுபாட்டால் இரண்டாம் பரிசு பெற்றேன். முதற் பரிசு பெற்றவர் என் அறைத் தோழர். "இரண்டாம் பரிசும் பரிசன்றோ?" என்று ஆறுதல் கூறினோர் பலர், அவருள் ஒருவரேனும் இரண்டாம் பரிசு பெற்றவரல்லர். இரு திங்கள் யான் அத் தோழரோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. இச் சிறுமையை ஈண்டு மறையாது எழுதுதற்குக் காரணம், அந் நாட்களில் வாசக சாலையில் யான் படிக்க நேர்ந்த ஒருவரது வரலாறேயாகும்.

அவர் பிரெஞ்சு நாட்டுச் சைக்கிள் பந்தய வீரர் ரேமோன் பூலிதோர். 1936ஆம் ஆண்டு, கிரோஸ் மாவட்டத்துச் சிற்றூரொன்றில், பிறர் நிலத்தை வாரத்திற்கு உழுத குடியிற் பிறந்தவர். 1960 முதல் 1977 வரை மெர்சியே என்னும் ஒரே குழுவின் சார்பில் வண்டி மிதித்தார். 1961இல் மிலான்–சான் ரேமோ பந்தயத்தையும், 1964இல் ஸ்பெயின் நாட்டைச் சுற்றும் பந்தயத்தையும், 1972, 1973 ஆகிய ஈராண்டும் பாரிஸ்–நீஸ் பந்தயத்தையும் வென்றார். ஆயினும் மக்கள் அவரை நினைப்பது இவ் வெற்றிகளால் அன்று. தூர் தெ பிரான்ஸ் என்னும் பெரும் பந்தயத்தில் 14 முறை புகுந்து, மும்முறை இரண்டாம் இடமும் ஐம்முறை மூன்றாம் இடமும் பெற்றார். முதலிடம் ஒருமுறையும் பெற்றிலர். முன்னணியில் நிற்பார் அணியும் மஞ்சட் சட்டையை ஒரு நாளேனும் அவர் மேனி அறிந்ததில்லை. 1973இல் தொடக்க நாளன்று ஒரு வினாடியினும் குறைந்த பொழுதால் அதனை இழந்தார்.

1964ஆம் ஆண்டுப் பந்தயத்தை மட்டும் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன். எதிர்நின்றவர் முன்னரே நான்கு முறை வென்ற ஜாக் ஆங்கெத்தீல். மொனாக்கோவில் ஒரு நாட் பந்தயம் வட்டத்தடமொன்றில் முடிவதாயிருந்தது. பூலிதோர் முன்னே பாய்ந்து கோட்டைக் கடந்து, வென்றுவிட்டதாகவே எண்ணினார். இன்னும் ஒரு சுற்று எஞ்சியிருந்தது! அச் சுற்றில் ஆங்கெத்தீல் முந்தி, வென்றார்க்குரிய ஒரு நிமிடக் கழிவையும் பெற்றார். பின்னர் ஜூலை 12ஆம் நாள், புயி தெ தோம் என்னும் அவிந்த எரிமலைப் பாதையில் இருவரும் தோளொடு தோள் உரச ஏறினர். அந் நிழற்படம் இன்றும் புகழ்பெற்றது. உச்சி நெருங்கிய வேளையில் ஆங்கெத்தீல் பின்தங்கினார். பூலிதோர் 42 வினாடி மீட்டார். ஆயினும் மஞ்சட் சட்டை 14 வினாடியால் ஆங்கெத்தீலிடமே நின்றது. பாரிஸில் பந்தயம் முடிந்தபோது வேறுபாடு 55 வினாடி. ஏறத்தாழ 4,500 கிலோமீட்டர் ஓடியபின் 55 வினாடி! மொனாக்கோவிற் போன அந்த ஒரு நிமிடத்தை வாசகர் தாமே கணக்கிட்டுக் கொள்க.

வென்றவரினும் தோற்றவரையே மக்கள் மிகுதியும் நேசித்தனர். 'பூப்பூ' என்று செல்லப் பெயரிட்டழைத்தனர். இஃது ஆங்கெத்தீலுக்கு வருத்தந் தந்தது. அவர் பக்கத்திலும் நியாயம் உண்டன்றோ? வென்றதற்காக ஒருவர் வெறுக்கப்படலாமா? இவ் வினா என் நெஞ்சிற் சற்றே தைத்தது. அன்றியும், இரங்கத்தக்கவர் என்னும் புகழை யாரே விரும்புவர் என்றும் எண்ணினேன். ஆனால் பூலிதோர் இரக்கத்தில் வாழ்ந்தவராகத் தோன்றவில்லை. 1967இல் தமக்கு வாய்ப்பு நழுவியதென்றறிந்ததும், தம் குழுவினராகிய ரோஜர் பேன்ழோனுக்குத் துணைநின்று உழைத்தார், பேன்ழோன் வென்றார். 1968இல் மோட்டார் சைக்கிளொன்று மோத, முகமெல்லாம் குருதியாக விழுந்து, பந்தயத்தினின்று விலகினார். 1974இல், 38ஆம் வயதில், எடி மெர்க்ஸுக்கு அடுத்து மீண்டும் இரண்டாமவர். 40ஆம் வயதில் மூன்றாமவர்.

ஓய்வு பெற்றபின் ஆங்கெத்தீலும் அவரும் நண்பராயினர். 1987இல் ஆங்கெத்தீல் புற்றுநோயால் இறக்குமளவும் அந் நட்பு நின்றது. பூலிதோர் 2019இல் மறைந்தார். 2021இல் அவர் மகள் வயிற்றுப் பேரர் மாத்யூ வான் தெர் பூல் மஞ்சட் சட்டையை வென்றணிந்தார். கோட்டைக் கடக்கையில் விரலை வானோக்கி உயர்த்தினார். இரண்டாண்டு முந்தியிருப்பின் பாட்டனார் கண்டிருப்பார். இங்கும் காலம் அவர்க்குச் சிறிது தவறிற்று!

வாசக சாலையினின்று திரும்பிய அன்றிரவு, தோழரிடம் அவர்தம் பரிசுக் கட்டுரையைப் படிக்கத் தருமாறு கேட்டேன். அதுகாறும் யான் அதனைப் படித்திலேன். என்னுடையதினும் அது நன்றாகவே இருந்தது. ஓரிடத்தில் மட்டும் ஒரு சந்திப் பிழை. அதனைச் சுட்டினேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். இக் கட்டுரையைப் படியெடுத்துத் தந்தவரும் அவரே. கையெழுத்திலும் யான் இரண்டாமவனே.