எழுத்து மாறும் பிரெஞ்சு வினைகள்: வேரைத் தேடி

பிரெஞ்சு வினைச்சொற்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் 'இ', 'ஆர்' எனப்படும் இரண்டு எழுத்துகளில் முடிகின்றன. அந்த இரண்டையும் நீக்கினால் பகுதி கிடைக்கும். அதனோடு இடத்துக்கும் காலத்துக்கும் உரிய விகுதியைச் சேர்த்தால் வினை முற்றுப்பெறும். ஆனால் சில வினைகளில் பகுதியே எழுத்து மாறுகிறது. மான்ஜே (உண்), கொமான்ஸே (தொடங்கு), லவே (உயர்த்து), அப்லே (அழை), ஆஷ்தே (விலைக்கு வாங்கு), ப்ரேஃபேரே (பெரிதும் விரும்பு), ஆம்ப்லுவாயே (பயன்படுத்து) ஆகியவை அத்தகையவை. பாடநூல்கள் இவற்றை ஒரே தலைப்பின் கீழ் அடுக்கி மனப்பாடத்துக்கு விடுகின்றன. இம்மாற்றங்களின் பிறப்பைத் தேடிப்போனால் ஒரே வேர் கிடைப்பதில்லை; ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வேர்கள் கிடைக்கின்றன. சில வினைகளில் ஒலி மாறக்கூடாது என்பதற்காக எழுத்து மாறுகிறது. மற்றவற்றில் ஒலி முன்பே மாறிவிட்டது. எழுத்து அதன் பின்னால் போகிறது.

முதல் வகைக்கு மான்ஜே, கொமான்ஸே இரண்டும் சான்று. செவ்வியல் லத்தீனில் 'சி' எழுத்துக்கு எங்கும் 'க்' ஒலிதான். 'ஜி' எழுத்துக்கு 'பங்கு' என்பதில் வரும் ககரத்தின் ஒலி. பிற்கால லத்தீனில் 'இ', 'ஐ' எழுத்துகள் குறிக்கும் உயிர்களுக்கு முன்னால் இந்த ஒலிகள் அண்ணத்தை நோக்கி நகர்ந்தன. பழைய பிரெஞ்சில் அவை 'த்ஸ்', 'ஜ்' ஆகி, 13ஆம் நூற்றாண்டளவில் 'ஸ்' ஒலியாகவும் இன்றைய மெல்லிய உரசொலியாகவும் நிலைத்தன. எழுத்து மட்டும் பழையபடியே நின்றது. அதனால் ஒரே எழுத்துக்கு, அடுத்து வரும் உயிரைப் பொறுத்து, இரண்டு ஒலிகள் அமைந்தன. தமிழிலும் 'கடல்', 'பங்கு', 'அகம்' மூன்றிலும் ககரம் இடத்துக்கேற்ப வேறுபட்டு ஒலிக்கிறது. ஆனால் தமிழ்ச்சொல்லில் ஒலி மாற, எழுத்து நிலைக்கிறது. இந்தப் பிரெஞ்சு வினைகளில் ஒலியைக் காக்க எழுத்து மாறவேண்டியிருக்கிறது.

தன்மைப் பன்மையின் நிகழ்கால விகுதி 'ஓ' எழுத்தில் தொடங்குகிறது. 'நூ கொமான்ஸோன்' (நாங்கள் தொடங்குகிறோம்) என்பதை மாற்றமின்றி எழுதினால் 'கொமான்கோன்' என்று படிக்க நேரும். இடைக்கால எழுத்தர்கள் இதற்கு ஒரு வழி கண்டனர்: மெய்க்கும் 'ஓ'வுக்கும் இடையில் ஒலிக்காத 'இ' ஒன்றைச் செருகினர். 'நூ மான்ஜோன்' என்பதில் இன்றும் அந்த 'இ' இருக்கிறது. 'சி' எழுத்தின் கதை வேறு திசையில் போயிற்று. ஸ்பெயினில் சிறிய 'இசட்' வடிவிலிருந்து பிறந்த செதில்லா என்னும் அடிக்குறியை, பாரிஸ் அச்சாளர் ஜொஃப்ருவா தோரி 1529இல் வெளியிட்ட 'ஷான் ஃப்ளெரி' என்னும் நூலில் பரிந்துரைத்தார். விரைவில் அது பிரெஞ்சு அச்சில் ஏறியது. 'சி'க்குப் பின் செருகிய 'இ' காலப்போக்கில் மறைந்தது. ஆக, மான்ஜே எழுத்தரின் தீர்வையும் கொமான்ஸே அச்சாளரின் தீர்வையும் இன்றுவரை சுமக்கின்றன. விகுதி 'ஏ', 'ஓ' எழுத்துகளில் தொடங்கும் எல்லா இடங்களிலும் இதே விதிதான். 'ஐ' எழுத்தில் தொடங்கினால் மாற்றம் தேவையில்லை.

இரண்டாம் வகையின் வேர் அழுத்தத்தில் இருக்கிறது. லத்தீனில் 'லெவோ' (உயர்த்துகிறேன்) என்பதில் அழுத்தம் பகுதியின் மேல் விழும். 'லெவாமுஸ்' (உயர்த்துகிறோம்) என்பதில் விகுதியின் மேல் விழும். ஒருமை மூன்றிலும் படர்க்கைப் பன்மையிலும் பகுதி அழுத்தம் பெற்றது. தன்மை, முன்னிலைப் பன்மைகளில் இழந்தது. அழுத்தம் பெற்ற உயிர் ஒரு வழியிலும் இழந்த உயிர் மற்றொரு வழியிலும் வளர, ஒரே வினைக்கு இரண்டு பகுதிகள் உண்டாயின.

பழைய பிரெஞ்சில் இது மிகப் பரவலாக இருந்தது. 'நேசி' என்னும் வினைக்கு ஒருமையில் 'ஐம்', தன்மைப் பன்மையில் 'அமோன்'. 'பேசு' என்பதற்குப் 'பரோல', 'பர்லோன்'. பின்னர் மக்கள் பேச்சு இந்த இரட்டைகளைச் சமன்செய்தது. நேசித்தலுக்கு ஒருமைப் பகுதி வென்றது. பேசுதலுக்குப் பன்மைப் பகுதி வென்றது. லவே, அப்லே, ஆஷ்தே போன்றவை சமன்படாமல் எஞ்சின. 'ஜ லெவ்' (உயர்த்துகிறேன்) என்பதில் பகுதியின் உயிர் விரிந்த எகரம்; 'நூ லவோன்' என்பதில் தேய்ந்து மங்கிய உயிர். வா என்னும் பகுதி 'வந்தான்' என்பதில் 'வ' எனக் குறுகுவதைத் தமிழ் இலக்கணம் விகாரம் என்கிறது. இங்கும் பகுதி விகாரப்படுகிறது. அதற்குக் காரணம் லத்தீன் அழுத்தம்.

விரிந்த எகரத்தை எழுத இரண்டு வழிகள் வழங்கின. ஒன்று, 'இ' எழுத்தின் மேல் இடப்பக்கம் சாய்ந்த குறியிடுவது: லெவ், ஆஷெத். மற்றொன்று, அடுத்த மெய்யை இரட்டிப்பது: 'ஜாபெல்' (அழைக்கிறேன்), 'ஜ ஜெத்' (எறிகிறேன்). அப்லே வினையின் லத்தீன் மூலமான 'அப்பெல்லாரே'யிலேயே இரண்டு 'எல்' உண்டு. மேற்குறிகளின் வழக்கு மெதுவாகவே வேரூன்றியது. வலப்பக்கம், இடப்பக்கம் சாயும் இரு குறிகளையும் வேறுபடுத்தி ஆளவேண்டும் என்று நாடகாசிரியர் கொர்னேய் 1663இல் முன்மொழிந்தார். பிரெஞ்சு அகாதெமியின் அகராதி 1740இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில்தான் மேற்குறிகளைப் பரவலாக ஏற்றது. எந்த வினைக்குக் குறி, எந்த வினைக்கு இரட்டிப்பு என்பதைக் காதால் அறிய முடியாது. 1990 டிசம்பர் 6 அன்று பிரெஞ்சு அரசிதழில் வெளியான எழுத்துத் திருத்தங்கள் இந்தச் சுமையைக் குறைத்தன: அப்லே, ஜத்தே (எறி) இரண்டும் அவற்றின் குடும்பங்களும் இரட்டிப்பைத் தொடரலாம், இவ்வகையின் மற்ற வினைகள் குறியை ஏற்கலாம். பழைய வடிவங்களும் பிழையல்ல.

ப்ரேஃபேரே பிற்காலத்தில் கற்றோர் லத்தீனிலிருந்து எடுத்த சொல். அழுத்தத்தின் பழைய கதை அதற்குப் பொருந்தாது. இங்கே செயல்படுவது அசை. உயிரில் முடியும் அசையில் குவிந்த ஏகாரம் நிற்கும். மெய்யில் முடியும் அசையில் அது விரிந்த எகரமாகும். 'ஜ ப்ரேஃபெர்' என்பதில் விகுதி ஒலிக்காததால் அசை மெய்யில் முடிகிறது. அதனால் குறியின் சாய்வும் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாறுகிறது. எதிர்கால வினைவடிவத்தில் மரபு பழைய குறியையே வைத்திருந்தது; 1990 திருத்தம் அங்கும் உச்சரிப்பைப் பின்பற்ற இடம் தந்தது.

ஆம்ப்லுவாயே வகையில் 'ஒய்' எழுத்து இரண்டு 'ஐ'களின் வேலையைச் செய்கிறது: ஒன்று முன்னுள்ள உயிரோடு சேர்கிறது, மற்றொன்று யகர உடம்படுமெய்போல அடுத்த உயிரை இணைக்கிறது. ஒலிக்காத 'இ'க்கு முன்னால் அந்த யகரத்துக்கு வேலை இல்லை. ஒற்றை 'ஐ' போதும். எனவே 'ஜாம்ப்லுவா' என்பது 'ஐ'யுடனும், 'நூஸ் ஆம்ப்லுவாயோன்' என்பது 'ஒய்'யுடனும் எழுதப்படும். ஏஸேயே (முயல்) போல 'ஒய்'க்கு முன் 'ஏ' எழுத்து வரும் வினைகளில் இரு வடிவங்களும் சரி; அங்கே யகரத்தை ஒலிப்பவர்களும் உண்டு.